மூடியும் இரண்டு கேமராக்களும்

மூடியோடு பத்து நிமிஷம் பேசிய பிறகு, அவரை அடிக்கலாமா என்று யோசிக்காத மனிதர் வேங்கிக்காலில் ஒருவர்கூடக் கிடையாது. அண்ணாமலையாரே நேரில் வந்து நின்றிருந்தாலும், "கொஞ்சம் பின்னாடி போங்க, இவ்ளோ கிட்ட வந்தா ஃபோகஸ் ஆவாது" என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆபீசில் பதினோரு வருஷம் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவன் நான். அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டுக்கு வெளியே அதை யாரும் உபயோகித்ததில்லை. மூடி என்ற பெயர் எங்கள் சூப்பிரண்டெண்டின் ஓய்வு விழாவில் வந்தது. மாலை, பொன்னாடை, சூப்பிரண்டெண்ட் மனைவியின் கண்ணீர் என்று எல்லாவற்றையும் தன்னுடைய பழைய ஜெர்மன் கேமராவில் முப்பத்தாறு படம் எடுத்தார். முப்பத்தாறும் அமாவாசை. லென்சின் மூடியைக் கழற்றவே இல்லை.

"மூடி இருக்கறது கூடவா தெரியல?" என்று சூப்பிரண்டெண்ட் கேட்டார்.

"மத்த கேமரான்னா தெரிஞ்சிருக்கும் சார். இது ரேஞ்ச்ஃபைண்டர். நாம பாக்கற ஜன்னல் தனி, படம் புடிக்கற லென்சு தனி. மூடி போட்டிருந்தாலும் எனக்கு எல்லாம் பளிச்சுனு தெரிஞ்சுது. அதான் சார் அதோட சிறப்பு."

மன்னிப்பை எதிர்பார்த்து வந்த குடும்பம் பாடம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனது.

அந்தப் பாடத்தை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ஜன்னலின் நடுவே மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம். எதிரே இருப்பது அதில் இரண்டாகத் தெரியும். லென்சின் வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானதும் பொத்தானை அமுக்க வேண்டியதுதான். செல்போனில் படம் எடுப்பவர்களைப் பார்த்தால், "அது போட்டோ இல்ல, ஜெராக்ஸ்" என்பார்.

ஆனால் அவருடைய பரம விரோதி செல்போன் அல்ல. அதே கம்பெனியின் புது டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர். அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. "என்னுதுக்கு பேட்டரியே வேணாம். அதுக்கு சார்ஜ் போடணுமாம். சார்ஜ் போட்டா அது கேமராவா, ஷேவிங் மெஷினாய்யா?"

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய கேமரா மக்கர் செய்ய ஆரம்பித்தது. இரண்டு உருவமும் ஒட்ட மாட்டேன் என்கிறதாம். சென்னையில் இருந்த மெக்கானிக்குக்கு மூன்று தடவை அனுப்பினார். மூன்று தடவையும் 'நல்லா இருக்கு' என்று திரும்பி வந்தது. மூன்றாவது முறை மெக்கானிக் எனக்குப் போன் செய்து, "சார், தயவுசெஞ்சு அவர வேற கடைக்கு அனுப்புங்க" என்றார்.

பிறகு ஆபீஸ் வாசலில் இருந்த மின்கம்பம் வளைந்துவிட்டது என்று மனு எழுதினார். லைன்மேன் வந்து, கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்து, "போஸ்ட்டு நேராத்தான் சார் இருக்குது" என்றார். மூடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"யோவ், உன் கயிறே வளைஞ்சிருக்குது."

ஒரு வாரம் சிரித்தோம். டிபன் நேரத்தில் நான் அதை நடித்தே காட்டுவேன். ஆட்கள் பக்கத்து செக்‌ஷனிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து, பெங்களூரிலிருந்து கேமரா பிரியர்கள் பதினைந்து பேர் செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடைத் தோட்டத்தில் கூடினார்கள். ஒருவரிடம் அந்தப் புது மாடல் இருந்தது. பழசு வைத்திருக்கிறவர் யாராவது வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும் என்று, தெரிந்தவர் மூலமாக என்னைக் கேட்டார்கள். "ஒருத்தர் இருக்காரு, கூட்டினு வரேன். வீடியோ எடுத்துக்குங்க, சிரிச்சே செத்துடுவீங்க" என்றேன். நான்தான் சொன்னேன்.

மூடி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். அரை மணி நேரம் பேசினார். நான் எதிர்பார்த்த கோமாளித்தனம் ஒன்றும் இல்லை. "புதுசுல வெளிச்சம் கம்மியா இருந்தாலும் படம் வந்துடும், அத ஒத்துக்கணும். எடுத்தது சரியான்னு அங்கயே பாத்துக்கலாம். பழசுல முப்பத்தாறுதான், அதனால அமுக்கறதுக்கு முன்னாடி கை கொஞ்சம் நிக்கும். மத்தபடி ரெண்டுத்துலயும் அந்த மஞ்சக் கட்டம் அப்படியே இருக்குதாம். அதுல கை வைக்காதவன் நல்லவன்" என்றார். கை தட்டினார்கள்.

புது கேமராவை அவர் கையில் கொடுத்தார்கள். தோட்டத்தின் இரும்புக் கேட்டைப் பார்த்து வளையத்தைத் திருகினார். திரும்பவும் திருகினார்.

"இதுவும் ரிப்பேரு."

சொந்தக்காரர் வாங்கிப் பார்த்தார். சரியாக இருந்தது. வரிசையாகப் பதினைந்து பேரும் பார்த்தார்கள். மூடி மறுபடி வாங்கிப் பார்த்துவிட்டு, "கேட்டுக் கம்பி வளையுதுங்க" என்றார். முதலில் சிரித்தது நான். அப்புறம் எல்லோரும்.

சிரிக்காத ஒரு பெண் இருந்தார். டாக்டராம். எழுந்து அவர் பக்கத்தில் போனார்.

"எந்தக் கண்ணுல பாக்கறீங்க?"

"வலதுலதான். எப்பவும்."

"இடதுல பாருங்க."

பார்த்தார். இந்த முறை வளையத்தை ஒரே தடவைதான் திருகினார். கேமராவை மேஜைமேல் மெதுவாக வைத்தார்.

"சுகர் இருக்கா சார்?"

"ஏழெட்டு வருஷமா இருக்குது. அது பாட்டுக்கு இருக்குது."

கண் ஆஸ்பத்திரியில், வலது கண்ணின் உள்ளே சர்க்கரையால் ரத்தம் கசிந்து நடுப்பார்வை போய்விட்டது, இடதிலும் ஆரம்பித்துவிட்டது என்றார்கள். நேர்க்கோடு வளைந்து தெரிந்த அன்றைக்கே வந்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஆபீசில் முப்பது பேர். எல்லோரும் படித்தவர்கள். நேராக நிற்கிற கம்பத்தை ஒருவர் வளைந்திருக்கிறது என்று சொன்னால், அவர் கண்ணைக் காட்டச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கு நடித்துக் காட்டத் தோன்றியது. அந்தத் தோட்டத்து வீடியோ இன்னும் சிலருடைய போனில் இருக்கிறது. போன மாதம்கூட ஒருவர் எனக்கு அனுப்பி, சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்.

ஊசி போட்டுப் பார்த்தும் இடது கண்ணும் மெல்ல மெல்ல மங்கியது. விருப்ப ஓய்வில் போனார். அவர் மேஜையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் நானும் அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையில் போய் நிற்கிறோம். லென்ஸ் வளையத்தில் அடிக்கணக்கு உண்டு. ஆள் நிற்கிற தூரம் தெரிந்தால் கட்டத்தைப் பார்க்க வேண்டியதில்லை. விரலால் தடவித் தெரிந்துகொள்வதற்காக, அந்தப் பழைய கேமராவில் அரத்தால் கோடு கீறி வைத்திருக்கிறார். பேச்சுக் குரல் வருகிற பக்கம் திரும்பி, "எத்தன அடி?" என்பார். நான் சொல்வேன். அமுக்குவார். என் கணக்கு பெரும்பாலும் தப்பு. பாதிப் படம் கலங்கித்தான் வருகிறது.

"எப்படிய்யா வந்திருக்குது?" என்று அடுத்த வாரம் கேட்பார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் நம்ப மாட்டார். அதனால் நன்றாக வந்த படங்களிலும் ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்கிறேன். "பன்னெண்டடின்னு சொன்னியே, அது பன்னெண்டடியா? ஒனக்கு அடின்னா இன்னான்னு தெரியுமாய்யா?" என்று போகிற வருகிற பக்தர்கள் நின்று பார்க்கும்படி கத்துகிறார். திட்டி முடிக்கும்வரை நிற்கிறேன். அப்புறம் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைக்கிறேன். அதற்கும் திட்டுகிறார், ஆனால் கையை விடுவதில்லை.