ஓடாத ரயிலின் கலெக்டர்

யாரும் ஓட்டுப் போடாமல், யாரும் ஆர்டர் கொடுக்காமல் ஒரு முழு ரயில் பெட்டியை ஆண்ட மனிதர் உலகத்திலேயே எங்கள் கலெக்டர் ஒருவர்தான். நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. பிரேசர் டவுனில் வீடு, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மெஷின் ரிப்பேர் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கலெக்டர் உத்தியோகம். ஆட்சி எல்லை, பெங்களூரிலிருந்து சேலம் போகும் இரவு பாசஞ்சரில் ஒரு அன்ரிசர்வ்டு பெட்டி.

அந்தப் பெட்டியில் துண்டு போட்டு இடம் பிடிப்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் தங்களுக்குப் போடுவார்கள், இவர் பெட்டி முழுக்கப் போடுவார். யார் எங்கே உட்காருவது என்பதையும் அவரே முடிவு செய்வார். தொம்மலூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த நான், முதல் தடவை ஏறியபோது விவரம் தெரியாமல் ஜன்னலோரத் துண்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எதிரே வந்து நின்றார்.

"சார், குறட்டை உண்டா?"

"இல்லையே."

"எல்லாரும் இல்லைன்னுதான் சொல்வாங்க. சாட்சி இருக்கா?"

"நான் இன்னும் கல்யாணம் பண்ணிக்கலை சார்."

"அப்போ ப்ரூஃப் இல்ல. எந்திரிங்க, கடைசி வரிசைக்குப் போங்க."

கடைசி வரிசை குறட்டைக்காரர்களின் காலனி. கைக்குழந்தைக்காரர்களுக்கு நடுவில் இடம். போனில் சத்தமாக வீடியோ பார்ப்பவர்களுக்குக் கழிப்பறைப் பக்கம். புளியோதரை கொண்டுவந்தவர்களுக்குக் கலெக்டருக்குப் பக்கத்திலேயே. எனக்கு வந்த ஆத்திரத்தில் செயினைப் பிடித்து இழுத்திருப்பேன். விடிவதற்கு முன்பே குறட்டைக் காலனியே திரண்டுபோய், என் குறட்டையில் தங்களால் தூங்க முடியவில்லை என்று அவரிடம் முறையிட்டது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பல் தேய்க்கப் போய்விட்டேன்.

இன்னொரு நாள் ஜிம் உடம்போடு ஏறிய ஒருவர் கன்னடத்தில் எகிறினார்: "யார்ரீ நீவு? ரைல்வேனா?" நீங்கள் யார், ரயில்வேக்காரரா என்று கேள்வி.

"மொதலு கூத்கொள்ளி, ஆமேலெ ஹேள்தீனி," என்றார் கலெக்டர். முதலில் உட்காருங்கள், அப்புறம் சொல்கிறேன் என்று அர்த்தம். ஜிம் உடம்பு காட்டிய இடத்தில் உட்கார்ந்தது. அந்த அப்புறம் கடைசிவரை வரவில்லை.

இத்தனை அதிகாரமும் சேலத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷன் வரும்வரைதான். அந்த ஊர் அரசுப் பள்ளியில் டீச்சர், அவர் மனைவி. விடியற்காலையில் பிளாட்பாரத்தில் வந்து நிற்பார். கலெக்டர் பெங்களூர் பேக்கரியின் காரா பன் பொட்டலத்தோடு இறங்குவார். டீச்சர் முன்னால் நடக்க, இவர் பூனைக்குட்டியாகப் பின்னால் போவார்.

"அவ வேலையை விட மாட்டா சார், நான் பெங்களூரை விட மாட்டேன். ஏதோ ஒரு ரயில் இருக்கு, குடும்பம் ஓடுது," என்பார்.

கொரோனா வந்தது, ரயில் நின்றது. மற்ற ரயில்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எங்கள் பாசஞ்சர் திரும்பவே இல்லை. எக்ஸ்பிரஸ் எதுவும் டீச்சர் ஊரில் நிற்காது. பஸ் என்றாலே கலெக்டருக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். ஒருமுறை துணிந்து ஏறியவர், பெங்களூர் எல்லையில் அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ரயில் வந்துடும் சார்," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை நிர்வாகம் கெட்டுவிடக் கூடாது அல்லவா? பெட்டிக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார். சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் அதில் சீட் ஒதுக்கீடு வரும். ஓடாத ரயிலுக்கு! முதலில் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் சண்டை போட ஆரம்பித்தோம்.

"எனக்கு ஏன் எப்பப் பார்த்தாலும் பாத்ரூம் பக்கம்?" என்று எங்கள் பெட்டி நர்ஸ் ஸ்டெல்லா வாய்ஸ் மெசேஜில் கொதித்தார்.

"சீரியலை சத்தமா வெக்கிறீங்கம்மா."

"அது என் வீட்டுல!"

"அடுத்த தெருவுல எனக்குக் கேக்குதே!"

எனக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. சாட்சி கிடைத்த தைரியத்தில் ஜன்னலோரம் கேட்டேன். என் மனைவியை போனில் விசாரித்தார். கடைசி வரிசையே உறுதியானது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் ஸ்டெல்லாதான். எனக்கு போன் செய்தார்.

"சார், அந்த மனுஷன் பொண்டாட்டியைப் பார்த்து மாசக்கணக்காச்சாம். இவரு ரயில் வரட்டும்ங்கிறாரு. அவங்க, 'என்னைக் கட்டிக்கிட்டீங்களா, ரயிலைக் கட்டிக்கிட்டீங்களா'ன்னு கேட்டுட்டு போனை வெச்சுட்டாங்க. இப்போ ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. இல்லாத சீட்டுக்கு நாங்கள் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் குடும்பமே நின்றுபோயிருந்தது.

ஸ்டெல்லா எப்படியோ டீச்சரின் நம்பரைப் பிடித்து, பேசி, குரூப்பில் சேர்த்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல ஒதுக்கீடு வந்தது. கீழே டீச்சரின் கேள்வி: "எனக்கு எந்த சீட்?"

கலெக்டர் டைப் செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. பெட்டி மொத்தமும் அவரவர் வீட்டில் போனை வெறித்துக்கொண்டிருந்தது.

"நீ எப்பவும் பிளாட்பாரத்துலதான நிப்ப டீச்சர். உனக்கு நான் சீட்டே போட்டதில்லையே."

"இப்போ போடுங்க."

கலெக்டரின் பதில் வந்தது. "ரயில் இல்ல."

அதை அவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"தெரியும். லீவு போட்டிருக்கேன். சேலம் போய் எக்ஸ்பிரஸ் ஏறி வர்றேன். நாளைக்கு கன்டோன்மென்ட்ல வந்து நில்லுங்க," என்று எழுதினார் டீச்சர்.

மறுநாள் பாதிப் பெட்டி கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இருந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எல்லோரையும் உட்காரவைத்தே பழகிய கலெக்டருக்கு, தான் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. வண்டி வந்தது. டீச்சர் இறங்கி, பையை அவர் கையில் கொடுத்து, "சாப்பிட்டீங்களா?" என்றார்.

கலெக்டர் எங்கள் எல்லோர் முன்னாலும் குழந்தை மாதிரி அழுதார். ஸ்டெல்லா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அந்த மனிதர் எனக்கு என்ன உறவு என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது, அழாமல் சொல்லியிருக்கவும் முடியாது.