பாட்டுக்கு மேலே ஒரு கொர்ர்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: கணக்கர், அவர் மனைவி, மாமியார், இரைச்சல் தாங்காமல் என்னவென்று கேட்க வந்த பக்கத்து வீட்டுத் தையல்காரர். ஆக நாலு பேர். கணக்கரின் உயிரை இதில் சேர்க்கவில்லை. அது தொண்டைக்குழியில் தனியாக நின்றுகொண்டிருந்தது.

எல்லாம் ரேடியோவால் வந்த வினை. ஒரு வாரமாகப் பாட்டுக்கு மேலே ‘கொர்ர்’ என்று இரைகிறது. ரேடியோவில் பழுதில்லை, வீட்டு வயரிங்கில்தான் எங்கோ லூஸ் என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார்.

“எங்க அண்ணன் எலக்ட்ரீஷியன்தானே? வரச் சொல்லிடறேன்,” என்றாள் மனைவி.

சென்ற முறை மின்விசிறி மாட்ட வந்த மச்சான், கணக்கரின் கட்டிலில் ஒரு மாதம் கிடந்துவிட்டுப் போனவர். கணக்கர் தரையில். கரன்ட்டாவது ஒரு நொடியில் கொல்லும்.

“நானே பாத்துக்கறேன்!” என்றார்.

ரேடியோவுக்கு பேட்டரி போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு, மெயின் பெட்டியில் ஒவ்வொரு அறையாக நிறுத்தினார். கூடம், கொர்ர். சமையலறை, கொர்ர். படுக்கையறையை நிறுத்தியதும் பாட்டு பளிச்சென்று கேட்டது. மறுபடி போட்டுவிட்டுச் சுவரோரம் நடந்தார். கட்டிலருகே இருந்த சுவிட்ச் போர்டை நெருங்கியதும் ரேடியோ அலறியது.

மெயினையே அணைத்தார். ரப்பர் செருப்பு, மர முக்காலி, கையில் மனைவி பாத்திரம் கழுவும் உறை. ஸ்க்ரூ டிரைவர் போர்டில் பட்ட ‘டிக்’ சத்தத்துக்கே கீழே குதித்தார்.

“சார், கண்ணைத் திறந்துகிட்டு கழட்டுங்க,” என்றார் தையல்காரர்.

“மெயினை அணைச்சாச்சுல்ல?”

“நாலு தடவ அணைச்சாச்சுங்க,” என்றாள் மனைவி.

“மிச்சம் மீதி கரன்ட் வயர்ல தேங்கி நின்னா?”

“அது என்ன தண்ணிக் குழாயா, மாப்பிள்ளை?” என்றார் மாமியார்.

மூடி வந்தது. உள்ளே ஒரு வயர் முனை கருகி, ஒட்டியும் ஒட்டாமலும் ஆடியது. கருகியதை வெட்டி, புது முனை சீவி, இறுக்கி, மூடியை மாட்டும்வரை அவர் மூச்சே விடவில்லை. மனைவி மெயினைப் போட்டாள். பாட்டு மட்டும் கேட்டது.

“பாத்தியா! உங்கண்ணன் ஒண்ணும் வர வேண்டாம்!”

“அண்ணன் எங்கங்க வரப்போறாரு? போன வாரமே வேலைக்கு வெளிநாடு போயாச்சு. போன்ல கேட்டேன். ஒண்ணு கருகியிருந்தா எல்லாத்தையும் திறந்து இறுக்கணும்னாரு. அவர் பேரைச் சொல்லலேன்னா நீங்க போர்டு கிட்டவே போயிருப்பீங்களா?”

மெயினை அவளே மறுபடி அணைத்தாள். முக்காலியைக் கூடத்துச் சுவரோரம் நகர்த்தினாள்.

வீட்டில் போர்டுகள் மொத்தம் பன்னிரண்டு. மீதி பதினொன்று.