ஆறாம் வாரத்துக்கு அத்தாட்சி

அத்தாட்சிக்காரர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழை நாளில் குடையை மறப்பார்கள். பிறப்புப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பை மறக்கமாட்டார்கள். பால் வாங்கிய துண்டிலிருந்து பல் பிடுங்கிய துண்டுவரை ஆண்டுவாரியாகத் துளையிட்டு, கோப்பில் கோத்து, முதுகில் எண் ஒட்டி, அந்தக் கோப்புகளின் விவரத்துக்கென்று இன்னொரு கோப்பும் வைத்திருப்பார்கள். "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டுப் பாருங்கள். கை தானாகச் சட்டைப் பையைத் தடவும்.

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் இந்த இனத்தின் நல்ல மாதிரி விமலநாதன். வயது நாற்பத்தொன்று, பொதிக் கிடங்கொன்றில் வேலை. அவரைக் கேலி செய்யுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது, மேசைக்கு அப்பால் இருந்த ஒருவர், "நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். விமலநாதனிடம் ஒரு தாளும் இருக்கவில்லை. அந்தக் கேள்வி தீர ஆறு வருடம் எடுத்தது. அதன் பிறகு அவர் வெறுங்கையோடு எங்கும் போவதில்லை.

சரி, இனிக் கேலி செய்யலாம்.

அவரும் மனைவி தேனுஜாவும் நாலாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்தார்கள். சுவரில் பூஞ்சணம். அதைத் துடைப்பதற்குமுன் அளவு தெரியப் பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படமெடுப்பார். அப்போதுதான் மூன்று அறை வீடொன்று காலியாகிறது என்ற செய்தி வந்தது. வாடகை குறைந்த பொது வீடு. நகரசபையின் சான்றிதழோடு முதலில் வருபவருக்கே கிடைக்கும். அந்தச் சான்றிதழில் இரண்டு பேர் என்றிருந்தால் இரண்டு அறை, மூன்று பேர் என்றிருந்தால் மூன்று அறை. வயிற்றுப் பிள்ளையையும் ஓராளாகக் கணக்கெடுப்பார்கள்.

அதே கிழமைதான் தேனுஜாவின் கர்ப்பச் சோதனைக் குச்சியில் இரண்டு கோடுகள் விழுந்தன.

"தேனு, அதை எறிஞ்சுபோடாதையும்."

"சீ! அதை வைச்சு என்ன செய்யப் போறீங்கள்?"

"அத்தாட்சியெல்லோ."

நகரசபை அலுவலகத்தில் திருமதி கிறேமர் என்ற அதிகாரியின் மேசையில் அவர் பரப்பியவற்றைக் கேளுங்கள். உள்ளிருப்பது தெரியும் பையில், திகதி எழுதிய குச்சி. குச்சியின் படம், இரண்டு கோணத்தில். தேனுஜா வேலை செய்யும் வெதுப்பகத்தின் முதலாளி, இவர் காலையில் மூன்று தடவை குளியலறைக்கு ஓடினார் என்று கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதம். கடைசியாக, தேனுஜாவுக்கு ஒத்துவராத மணங்களின் பட்டியல்: பொரித்த மீன், கோப்பி, கணவர்.

திருமதி கிறேமர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினார். "தயவுசெய்து அந்தப் பையை உள்ளே வையுங்கள்" என்றார் ஜெர்மன் மொழியில். "நான் உங்களை நம்புகிறேன். ஆனால் பதிவுக்கு முட்டர்பாஸ் வேண்டும்." அது கர்ப்பிணிகளுக்கு வைத்தியர் கொடுக்கும் சிறு புத்தகம்.

ஓர் அதிகாரி வாயால் 'நம்புகிறேன்' என்ற சொல்லை விமலநாதன் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மகிழ்ந்தாரா? இல்லை. அதை எழுத்தில் தருவீர்களா என்று கேட்டார்.

வைத்தியரின் திரையில் பயற்றங்கொட்டை அளவில் ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரிந்தது. "இது ஆறாம் வாரம். இதயத் துடிப்பு இன்னும் தெரியவில்லை. இரண்டு கிழமை கழித்து வாருங்கள், அப்போது புத்தகம் தருகிறேன்" என்றார் அவர்.

வரும் வழியெல்லாம் தேனுஜா ஒரு கையை வயிற்றிலேயே வைத்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிள்ளை ஒன்பதாம் வாரத்தில் தங்காமல் போனது. விமலநாதனின் வீட்டில் எல்லாவற்றுக்கும் தாள் உண்டு. அதற்கு மட்டும் இல்லை. அந்தத் தாள்களை அவரே கிழித்துப் போட்டிருந்தார்.

அந்த இரண்டு கிழமையும் அவர் பட்ட பாடு! விடிந்ததும், "இண்டைக்குச் சத்தி வந்ததோ?" என்று கேட்பார். வாந்தி வந்ததென்றால் முகம் மலரும். வாயைத் துடைத்தபடி தேனுஜா, "உங்களுக்குச் சந்தோசமோ?" என்று கேட்பாள். வராத நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

பத்தாம் நாள் பின்னேரம் அவர் வாய்விட்டே கேட்டார்: "ஒரு தாளும் இல்லாமல் எப்பிடித் தேனு நம்புறது?"

"என்ர வயிறு எனக்குத் தெரியாதே? நான் சொல்லுறன். அது காணாதோ?"

அவர் எழுந்து அவள் பக்கத்தில் போய் இருந்துகொண்டார்.

வைத்தியரோடு அடுத்த சந்திப்பில் அறை முழுவதும் பிள்ளையின் இதயத் துடிப்புக் கேட்டது. குதிரை ஓடுவதுபோல, விடாமல். கைக்கு எட்டியது தேனுஜாவின் பாதம்தான். அதைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுத முகத்தோடு அவளைக் கூட்டிக்கொண்டு டிராம் நிறுத்தம்வரை வந்தும்விட்டார். பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்தாள் வரவேற்பு மேசைப் பெண். "உங்கள் முட்டர்பாஸ்!"

ஆம். அத்தாட்சிக்காரர் அத்தாட்சியை மறந்துவிட்டு வந்திருந்தார்.

மறுநாளே 'மூன்று பேர்' என்று சான்றிதழ் கிடைத்தது. ஆனால் வீடு முந்தின நாள்தான் வேறொரு குடும்பத்துக்குப் போயிருந்தது. "விடுங்கோ, பிள்ளை இருக்குதெல்லோ" என்றாள் தேனுஜா. ஐந்தாம் மாதத்தில் இன்னொரு வீடு வந்தது. சாவி கொடுக்கும் பெண் அவளுடைய வயிற்றைப் பார்த்துச் சிரித்து, "எத்தனை பேர் என்று கேட்கத் தேவையில்லை" என்றாள். விமலநாதன் அதற்குள் கோப்பை விரித்துப் பதினேழாம் பக்கத்துக்குப் போயிருந்தார். தேனுஜா அதன்மேல் கையை வைத்து மூடினாள்.

"அவ என்ர வயித்தைப் பாக்கிறாதானே அப்பா."

சிரிக்கிறீர்கள். நல்லது. போன தடவை வீட்டில் ஒருவர் "காய்ச்சல்போலக் கிடக்கு" என்றபோது, நீங்கள் நெற்றியைத் தொட்டீர்களா, காய்ச்சல்மானியைத் தேடினீர்களா? தேடியிருந்தால் சும்மா ஒப்புக்கொள்ளுங்கள். நான் அத்தாட்சி கேட்கமாட்டேன்.