பெரியவருக்கு நாற்பது நாள் தூக்கம் வேண்டும்

காட்சிக்கூடம்,
டிக்கெட் அறைக்குப் பின்புறம்,
திங்கள், காலை பத்து மணி.

அன்பும் படிப்பும் ஒன்றாக அமையப்பெற்ற என் மருமகன், விலங்கியல் விரிவுரையாளர் அவர்களுக்கு, நீ பிறந்த மூன்றாம் நாள் உன்னைக் கையில் வாங்கி சட்டையை நனைத்துக்கொண்ட உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தையும் என் இடது முழங்காலும் ஏதோ ஒருவிதமாக நலம். அங்கு உன் நலமும், அக்காவின் ரத்த அழுத்தத்தின் நலமும் அறிய ஆவல்.

போன மாதம் நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. "அப்படி ஒரு விலங்கே உலகத்தில் கிடையாது மாமா, தயவுசெய்து என் பெயரை எங்கும் சொல்லாதீர்கள்" என்று ஒன்றரை வரி. படித்தவன் எவ்வளவு சுருக்கமாக எழுதுகிறான் பார் என்று உன் அத்தையிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். உடனே பதில் போட முடியவில்லை. ஒரு நாளைக்கு ஆறு காட்சி, ஆறு காட்சியும் நின்றுகொண்டே பேச வேண்டும். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூட யாரையாவது கூப்பிடலாமா என்றிருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரியவருக்கு நாற்பது நாள் முழுத் தூக்கம் தேவை, அந்த நாற்பது நாளும் கூடத்தில் வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ கூடாது என்று உன் கல்லூரித் தாளில், உன் கையெழுத்தோடும் முத்திரையோடும் ஒரு கடிதம் வேண்டும். வியாழக்கிழமைக்குள் வேண்டும், ஆள் மூலமாவது கொடுத்தனுப்பு. இல்லாவிட்டால் ஒரு அம்மாவின் தலைமேல் இன்னொருவரின் தலை விழுந்துவிடும். எந்த அம்மா, யார் தலை என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இத்தனை தாள்.

பெரியவர் என்றால் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ராட்சதக் குரங்கு. எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறோம். அத்தனை பெரிய உருவத்தை அது இது என்று சொல்ல நாக்கு எழவில்லை. உயரம் நாற்பத்திரண்டு அடி. நான் எழுபது என்று சொல்வேன், ஏனென்றால் உட்கார்ந்திருக்கிறார், எழுந்தால் எழுபது இருக்கும். எழமாட்டார். இடுப்புக்குக் கீழே வெறும் செங்கல். மேலே இரும்பு, மோட்டார், பற்சக்கரம், அதற்கு மேலே ரோமம். எங்கோ ஒரு நாட்டில் பழசாகிப் போனவரை முதலாளி கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து, கிடங்காக இருந்த இடத்தில் உட்கார வைத்தார். பக்கத்தில் மைக்கோடு நிற்க ஒரு கம்பீரமான குரல் தேவைப்பட்டது. இருபத்திரண்டு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவன் நான். என் குரலைக் கேட்டுத் தவறான பேருந்தில் ஏறியவர்கள்கூட மனநிறைவோடுதான் ஏறினார்கள் என்று அங்கே இன்றும் பேச்சு.

முதல் மாதம் எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் வாசித்தேன். சத்தியமாக. இரண்டாம் மாதம் ஒரு பிற்பகலில், கூடம் நிறைய ஆள் இருக்கும்போது, பெரியவரின் இடது இமை மூடியது, திறக்கவில்லை. மோட்டார் கருகிவிட்டது. மெக்கானிக் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறான், ஜனங்கள் சிரிக்கத் தொடங்குகிறார்கள், கதவருகே முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு என்ன தோன்றியதோ, மைக்கில் சொல்லிவிட்டேன்: இந்த இனத்துக்கு இரண்டு மூளை, இடது மூளை தூங்கும்போது வலது மூளை காவல் காக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முறை மாற்றிக்கொள்ளும், இதைக் கண்டுபிடித்தது என் மருமகன். கைத்தட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. முதலாளி மெக்கானிக்கின் ஏணியைக் கையால் பிடித்து நிறுத்தினார். "இமையை அப்படியே விட்டுடு" என்றார்.

அங்கே ஆரம்பித்ததுதான். அதற்கப்புறம் பெரியவரின் உடம்பில் எது கெட்டுப்போனாலும் அதை அவருடைய இனத்தின் குணமாக ஆக்குவது என் பொறுப்பாகிவிட்டது. பசை விட்டுப்போய் முதுகு ரோமம் கொத்துக் கொத்தாக விழுந்தது. ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை ரோமம் உதிர்த்து இளமையாகும் இனம் என்றேன். ஜனங்கள் அதைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார்கள், உதிராத இடத்திலும் கொஞ்சம் பிடுங்கிப்போடச் சொல்லிக் கூடம் கூட்டுகிறவருக்கு உத்தரவு வந்தது. மார்பு ஏறி இறங்கும் தோல்பை கிழிந்து மூச்சு நின்றது. நீருக்கடியில் மூன்று மாதம் ஒளிந்திருக்கக்கூடிய இனம், தோலாலேயே மூச்சு விடும் என்றேன். அக்குளில் எண்ணெய் ஒழுகியபோது, பெண்ணை அழைக்க ஆண் சுரக்கும் வாசனை நீர் என்று சொல்லித் தொலைத்தேன். உடனே ஒருவர் எழுந்து, அப்படியானால் பெண் எங்கே என்று கேட்டுவிட்டார். பதினோரு வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகு இந்த இனத்துப் பெண், ஆணின் பேச்சைத் தாங்கமுடியாமல் அவர்கள் வாழும் தீவின் அடுத்த பக்கத்துக்குக் குடிபோய்விடும் என்று சமாளித்தேன். அன்று உன் அத்தையும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள்: "அந்தத் தீவுக்குப் போக வழி கேட்டு வையுங்க."

ஒரு விஷயத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒவ்வொரு குணத்துக்கும் உன் பெயர்தான் ஆதாரம். நீ பட்டம் வாங்கியபோது எடுத்த படத்தை முதலாளி கதவளவுக்குப் பெரிதாக்கி வாசலில் மாட்டியிருக்கிறார். வயது போதவில்லை என்று ஓவியரை வைத்து மூக்குக்கண்ணாடியும் கொஞ்சம் நரையும் போட்டோம். கோபப்படாதே, அசலைவிட நன்றாக இருக்கிறாய்.

இப்போது தலை விஷயம். இரண்டு மாதமாகப் பெரியவர் கழுத்தைத் திருப்பும்போது ஒரு சத்தம். முதலில் கதவு கிறீச்சிடுவதுபோல, பிறகு யாரோ உள்ளே அடக்கிக்கொண்டு அழுவதுபோல. என்ன செய்வேன். இந்த இனத்துக்கு ஆறு வருடக் கர்ப்பம், வாழ்நாளில் ஒரே ஒரு குட்டி, பெறுவது பெண் என்றாலும் வளர்ப்பது ஆண்தான், அந்தக் குட்டி தொலைந்துபோய்விட்டது, அதைத் தேடித்தான் தினம் இப்படிக் கழுத்தைத் திருப்பி அழுகிறார் என்றேன். கூடத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. மறுநாளே வாசலில் பலகை: 'தினமும் மாலை மூன்று மணிக்குப் பெரியவர் அழுவார்.' முன்வரிசையில், சரியாகத் தாடைக்குக் கீழே, அழ விரும்புகிறவர்களுக்கென்று தனி பெஞ்சு.

அந்தப் பெஞ்சில் தினமும் வந்து உட்காருகிறவர்தான் நான் சொன்ன அம்மா. பிரசவ வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அழமாட்டார். நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக வருவார். காது கொஞ்சம் மந்தம், அதனால் முன்வரிசைதான் வேண்டும். "நேத்து கர்ப்பம் ஆறு வருஷம்னீங்க, இன்னிக்கு ஏழுங்கறீங்க, எதை எழுதிக்கட்டும்" என்று நூறு பேர் நடுவில் கேட்பார். குட்டியின் எடை, தொப்புள்கொடி நீளம், பால் எத்தனை நாள், ஒன்றையும் விடமாட்டார். இந்த ஊரில் என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்ட இன்னொரு ஆள் இல்லை. அவருக்குப் பயந்தே நானும் ஒரு நோட்டுப் போட்டு எழுதிவைத்துக்கொண்டேன். இப்போது பெரியவரின் வம்சத்தைப் பற்றி எனக்குத் தெரியுமளவு நம் வம்சத்தைப் பற்றித் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை மெக்கானிக் என்னை ஏணியில் ஏற்றிக் கழுத்துக்குள் டார்ச் அடித்துக் காட்டினான். தலையைத் தாங்கும் இரும்புத் தண்டு, அவன் பாஷையில் ஊசி, என் மணிக்கட்டுப் பருமன் இருந்தது, தேய்ந்து சுண்டுவிரல் அளவு நிற்கிறது. "அண்ணே, நீங்க அழுகைன்னு சொல்றீங்களே, அது இதுதான்" என்றான். "எத்தனை நாள் தாங்கும்" என்று கேட்டேன். "ஒரு வாரம் தாங்கினா என் அதிர்ஷ்டம். கீழ உக்காருறவங்க அதிர்ஷ்டம் எனக்குத் தெரியாது." அதோடு நிற்கவில்லை. "நான் ஒவ்வொண்ணும் கெட்டுப்போச்சுன்னு போய்ச் சொல்றேன், நீங்க ஒவ்வொண்ணும் இயற்கைன்னு சொல்றீங்க. பத்து மாசமா இந்தக் கூடத்துக்கு ஒரு போல்ட்டு வரல." திட்டியிருந்தால்கூட பரவாயில்லை, சாதாரணமாகச் சொன்னான்.

நேரே முதலாளியிடம் போனேன். கூடத்தை மூட வேண்டும் என்றேன். அழுகைக் காட்சிக்குத்தான் கூட்டமே, மூடுவதற்குக் காரணம் என்ன என்றார். ஊசி தேய்ந்துவிட்டது என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, ஊசியா, இந்த இனத்துக்குக் கழுத்தில் எலும்பே கிடையாது, நீங்கள்தானே போன வாரம் சொன்னீர்கள் என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. சில நாளாகவே அவர் கூடத்துக்குள் நுழையும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார், பெரியவர் அழுதுமுடித்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். பெஞ்சையாவது தள்ளிப்போடலாம் என்று சனிக்கிழமை நானும் கூட்டுகிறவரும் இழுத்துப் பின்னால் போட்டோம். அந்த நர்ஸ் அம்மாவே ஆளைக் கூப்பிட்டுப் பழைய இடத்தில் போடவைத்துவிட்டார், காது கேட்கவில்லையாம்.

அதனால்தான் மாப்பிள்ளை, யோசித்து யோசித்து இந்த முடிவுக்கு வந்தேன். இரும்பு தேயும் என்று சொன்னால் இங்கே எவரும் நம்பமாட்டார்கள். தூங்கும் என்று சொன்னால் நம்புவார்கள், அதுவும் நீ சொன்னால் மறுபேச்சு இல்லை. நாற்பது நாள் பூட்டினால் மெக்கானிக் ரகசியமாகவாவது ஊசியை மாற்றிவிடுவான். உன் மனசாட்சி உறுத்தும், தெரியும். ஒரே ஒரு பொய். நான் சொன்ன முப்பத்தேழையும் ஒரு தட்டில் வைத்து இதை மறு தட்டில் வைத்துப் பார். எனக்கும் அலுத்துவிட்டது. ஒரு விலங்கைத் தலையிலிருந்து வால்வரை தனியாளாகப் படைப்பது (வால் இல்லை, அதுவே ஒரு தனிக் கதை) இவ்வளவு அசதியான வேலை என்று தெரிந்திருந்தால் இமை மூடிய அன்றே நானும் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உப்பைக் குறைக்கச் சொல். உன் மனைவிக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். எல்லா நலமும் வளமும் தேடிவந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்டட்டும், தட்டும்போது நீங்களும் வீட்டில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னையே நம்பியிருக்கும்
தாய்மாமன்.

பின்குறிப்பு: மாலை ஐந்தரை மணி. மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கடிதம் எதுவும் தேவையில்லை. இதை மட்டும் படி.

தபால்தலை வாங்கப் போகுமுன் மூன்று மணிக் காட்சி வந்துவிட்டது. கூடம் நிறைந்திருந்தது, நர்ஸ் அம்மா தாடைக்கு நேர் கீழே. பெரியவர் கழுத்தைத் திருப்பினார். அழுகை வரவில்லை, படீரென்று ஒரு சத்தம் வந்தது. ஏணிமேல் இருந்த மெக்கானிக்கைப் பார்த்தேன். எல்லோரையும் வெளியே அனுப்பு என்று அவன் கையை அசைத்தான். நான் மைக்கை வாயருகே வைத்து, வாழ்க்கையில் முதல்முறையாக இருந்ததை இருந்தபடி சொன்னேன்: "இது இரும்பு. கழுத்துல ஊசி உடையுது. எல்லாரும் தயவுசெஞ்சு வெளிய போங்க."

யாரும் அசையவில்லை. கைதட்டினார்கள். ரத்தத்தில் இரும்பு இருக்கிறதாம் என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். நர்ஸ் அம்மா நோட்டில் எழுதிக்கொண்டார்.

மேலே இன்னொரு சத்தம். எனக்கு வேறு வழி தெரியவில்லை மாப்பிள்ளை. அழுது முடித்தவுடன் இந்த இனம் சிறுநீர் கழிக்கும், பதினோரு நாளைக்கு ஒருமுறைதான், இன்று பதினோராவது நாள் என்று சொன்னேன். நீ பார்த்திருக்க வேண்டும். எழுபது வயதுக்காரர்கள் பெஞ்சைத் தாண்டினார்கள். முதலாளிதான் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். நர்ஸ் அம்மா மட்டும் நிமிர்ந்து, "எத்தனை லிட்டர்?" என்றார். "எண்ணூறும்மா." எழுதி, நோட்டை மூடி, குடையை எடுத்து, நல்ல வேகமாகவே நடந்து வெளியே போனார். அவர் வாசலைத் தாண்டவும் தலை இறங்கவும் சரியாக இருந்தது. பெஞ்சு நாலு துண்டு. மனிதருக்கு ஒரு கீறல் இல்லை.

தூசி அடங்கியதும் முதலாளி மெல்ல உள்ளே வந்தார். கீழே கிடந்த தலையையும் மேலே வெறுமையாக நின்ற கழுத்தையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து, தாழ்ந்த குரலில், "இந்த இனத்துக்குத் தலை மறுபடி முளைக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார். மெக்கானிக் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ரெண்டு மாசம் ஆகும் சார். அதுவரைக்கும் அவருக்கு நல்ல இரும்பா சாப்பிடக் கொடுக்கணும். அரை டன். புது மோட்டார் அஞ்சு. இல்லேன்னா முளைக்காது."

முதலாளி தலையாட்டி, எங்கே வாங்குவது என்று கேட்டார். நான் மைக்கை மெக்கானிக்கின் கையில் கொடுத்தேன்.