தேசிக்காய் நசுங்கியது, கார் நிற்கவில்லை

வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை.

கனடாவில் இருக்கும் என் அன்பு மகன் கிருஷ்ணராஜுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். சுகமில்லாதவனுக்கு மூன்று கிழமை கோபமாக இருக்கத் தெம்பு வராது.

முதலில் நல்ல செய்திகள். உன் அக்காவின் மகள் துஷாந்தினி கணக்காளர் சோதனையில் கடைசிப் பகுதியும் சித்தியடைந்துவிட்டாள். அவள் தங்கை நிஷாந்திக்கு நீச்சலில் வெள்ளிப் பதக்கம். தங்கம் எடுத்த பிள்ளைக்கு உயரம் கூட, வேறொன்றுமில்லை. உன் மகளின் வயலின் அரங்கேற்றத்தைப் போனில் பார்த்தேன். முன்னால் இருந்தவரின் மொட்டைத் தலைதான் வடிவாகத் தெரிந்தது, என்றாலும் வாசிப்பு திறம். உன் அக்கா மகன் ஜீவராஜ் வங்கியில் உதவி முகாமையாளர் ஆகிவிட்டான். அவனோடுதான் நீ கதைப்பதில்லை.

இனிக் கார் விஷயம். நீ விட்டுப்போன காரைப் பதினொரு வருஷமாகத் தெஹிவளை மெக்கானிக் முஸ்அப் பார்த்தார், ஒரு குறை வந்ததில்லை. பிரேக் கிறீச்சிட்டதும் அவரிடம் கொண்டுபோக இருந்தோம். "பிரேக் பாட் மாத்த மெக்கானிக் என்னத்துக்கு? இஞ்ச நாங்கள் வீட்டிலயே மாத்துறம்" என்று கனடாவிலிருந்து பெருமை பேசியது யார்? ஞாயிற்றுக்கிழமை கோப்பியும் கையுமாகப் போனில் வந்து, பிரேக் ஒயில் குறைந்திருக்கிறது, முதலில் நிரப்பு என்றாய். ஜீவராஜ் விளிம்புவரை நிரப்பினான். பிறகு புதுப் பாட் போக இடம் காணாது, பிஸ்டனை உள்ளே தள்ளு என்றாய், தள்ளினான், நிரப்பிய ஒயில் எல்லாம் பொங்கிக் காரில் வழிந்தது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லாமல் துடை என்றாய், துடைத்தான், துணியோடு பெயின்டும் வந்தது. இப்போது காருக்குத் தேமல் வந்த மாதிரி இருக்கிறது. பிறகு சிக்னல் போய்ப் போன் அறுந்தது. வேலை முடிந்தது என்று நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டி, ஜீவராஜை ஏற்றினேன். தேசிக்காய் நான்கும் அழகாக நசுங்கின. கார் நிற்கவில்லை. நம் ஒழுங்கை கடற்கரைப் பக்கம் சரிவு என்பது உனக்குத் தெரியும். பிள்ளை பிரேக்கை மிதிக்க அது அடிவரை போனதாம், ஹாண்ட் பிரேக்கை இழுக்கமுன் தியாகராசா மாஸ்டரின் கேற் விழுந்துவிட்டது.

மாஸ்டர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "அக்கா, காரோட உள்ள வாறதெண்டால் பெல் அடிச்சிருக்கலாமே" என்றார்.

முஸ்அப் வந்தார். சிரிக்கக்கூட இல்லை, அதுதான் எனக்கு அவமானம். "அம்மா, பாட் போட்டா கார எடுக்க முந்தி பெடல நாலு தரம் மிதிச்சிக் குடுக்கணும், அப்பதான் பிரேக் பிடிக்கும். அவ்வளவுதான்." முக்கியமானதைக் கடைசிக்கு வைத்தது யார்? ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே உப்பை எப்போது போடுவது என்று தெரியும்.

அதற்கு நீ, அவன் பாதியில் போனை வைத்தான் என்று குடும்பக் குறூப்பில் எல்லோரும் பார்க்க மடையன் என்று எழுதினாய். அவன் கார்த் திறப்பை என் கையில் தந்துவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போகிறான். ஆவணியில் நீ வரும்போது எயார்போட்டுக்கு வரமாட்டானாம், வீட்டிலும் நிற்கமாட்டானாம். எனக்கு இருப்பது ஒரு மகன், ஒரு பேரன்.

மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். நோய் நொடி அண்டாமல் இருங்கள். நீங்கள் நால்வரும் நிற்கும் புதுப் படம் ஒன்றைத் தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம், சுவரில் மாட்ட வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா நாகமணி.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். சிக்னல் போகவில்லை. போனை நான்தான் அமத்தி நிறுத்தினேன். அப்போது நாலு இருபத்தைந்து, நாலரைக்கு இராகுகாலம். நீ "ஜீவா, பொறு, பெடலை..." என்று இழுத்துக்கொண்டிருந்தாய். "மாமா என்னவோ சொல்றார் அம்மம்மா" என்றான் பிள்ளை. "அவன் சொல்லி முடிய ராகுகாலமும் முடிஞ்சிடும், நீ ஏறடா" என்றேன். நீ திரும்ப மூன்று தரம் எடுத்தாய், போன் கற்பூரத் தட்டுக்குக் கீழே என் கையில் அதிர்ந்துகொண்டிருந்தது. நீ மடையன் என்று எழுதியபோதும் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் ஒயிலை நிரப்பச் சொன்னது நீதான், அதை நான் ஏற்கமாட்டேன். படம் ஆறுதலாக வரட்டும். முதலில் அவனுக்குப் போன் எடு.