தலைக்கு எத்தனை மாதம்?

இந்த நாட்டில் தலைக்கு இவ்வளவு உற்பத்தி, அந்த நாட்டில் தலைக்கு அவ்வளவு என்று என் மகன் பேப்பரைப் படித்துக் காட்டினால் எனக்கு எரிச்சல்தான் வரும். நாட்டின் மேல் கோபமில்லை. தலை எண்ணுவதைத்தான் நான் நம்புவதில்லை. என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்த கணக்கு அது.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலம். சுங்கை பினாங்கில் நாங்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, அண்ணன், நான். அரிசி அட்டையில் மட்டும் ஆறு பேர். ஒருவர் செத்துப்போன பெரியப்பா. இன்னொருவர் கெப்பாலா பத்தாஸுக்குக் குடிபோய், அங்கேயும் ஓர் அட்டை வைத்திருந்த சித்தப்பா. அரிசி அளக்கும் முத்தையா அண்ணன் வாராவாரம் "எத்தனை தலை?" என்பார். "ஆறு!" என்று கத்துவேன். கத்திக் கத்தி நாக்கு பழகிவிட்டது.

அந்த முத்தையா அண்ணன்தான் எனக்குப் பெண்ணும் பார்த்தார். (வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள்.) பெண்ணின் அப்பா புக்கிட் மெர்தாஜாமில் ஓய்வுபெற்ற கிராணி, தோட்டத்துக் கணக்கெழுதிய குமாஸ்தா. வெற்றிலை பாக்குக்குப் பதிலாக ஒரு கூடை மரவள்ளிக்கிழங்கோடு போனோம். நான் போட்டிருந்தது சாக்கில் தைத்த சட்டை. அந்த அரிப்பைப் பற்றியே ஒரு நாள் முழுக்கப் பேசலாம், இருக்கட்டும்.

கிராணி என் முகத்தையே பார்க்கவில்லை.

"தம்பி, சண்டை முடிஞ்சதும் இந்தியாவுக்குப் போற மாப்பிள்ளை ஒருத்தர் கேக்குறாரு. நீங்க மலாயாவுலயே இருப்பீங்க. எந்த நாட்டுல ஒரு தலைக்கு வெளைச்சல் அதிகமோ, அங்கதான் பொண்ணு. சண்டைக்கு முன்னாடி அங்க தலைக்கு எட்டு மாசச் சாப்பாடு வெளைஞ்சுது, ஊருல இருக்குற என் தம்பி கடுதாசி எழுதுனான். இங்க பதினஞ்சு. இப்ப இங்க எவ்வளோ?"

கடிதம் நின்றே மூன்று வருடம். அங்கே இன்னும் எட்டுதான் என்று யார் சொன்னது? கேட்க வேண்டியதைக் கேட்காமல், "எங்க தோட்டத்துல ஒரு ஆளு தின்னா நாப்பது மாசத்துக்குக் கெழங்கு வருது மாமா" என்றேன் பெருமையாக.

எனக்கு வகுக்கத் தெரியாது. கிராணி கிழங்கை நாற்பது துண்டாக நறுக்கச் சொன்னார். துண்டுக்கு ஒரு மாதம்.

"எத்தனை தலை?"

"ஆறு!"

பக்கத்தில் முத்தையா அண்ணன் தலையாட்டினார். அப்பா என் தொடையைக் கிள்ளினார். ஆறு குவியல் வைத்தேன். குவியலுக்கு ஆறு துண்டு, மிச்சம் நாலு.

"ஏழுகூட வரலியே லா. இந்தியாதான்" என்று கிராணி எழுந்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு தலை திங்காது மாமா! ஒண்ணு செத்துப்போச்சு, ஒண்ணு கெப்பாலா பத்தாஸ்ல திங்குது!"

முத்தையா அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அப்ப மூணு வருசமா செத்தவருக்கா அளந்தேன்?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கிராணிக்கோ அரிசிக் கவலை இல்லை. இரண்டு குவியலைக் கலைத்து, நான்காக வைத்து எண்ணினார். "பத்து! மலாயாதான்!"

அப்போது உள்ளேயிருந்து பெண் குரல் கொடுத்தாள். "அப்பா, நான் அங்க போனா அஞ்சு தலை. எட்டுதான் வரும்."

கிராணி மறுபடியும் உட்கார்ந்தார். எனக்குச் சாக்குச் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓடலாம் போலிருந்தது.

"ஆனா இந்தியா போனா அங்கயும் ஒரு தலை கூடும்லப்பா. அந்த எட்டு கொறைஞ்சிரும்ல? இங்கயே கட்டிக் குடுத்துருங்க."

கட்டிக் கொடுத்தார்கள். பெண் பார்த்த அடுத்த வாரமே முத்தையா அண்ணன் நான்கு பேருக்குத்தான் அளந்தார். இரண்டு தலை அரிசியைத் தொலைத்ததற்காகத் தாலி கட்டும்வரை அப்பா என்னோடு பேசவில்லை.

இத்தனை வருடமாகியும் வீட்டில் எதைப் பங்கு வைத்தாலும் என் மனைவி கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்ப்பாள்.

"பெரியப்பாவையும் சேத்து வெட்டவா?"