பெண் பார்க்க வந்த இடத்தில் குளிசை பார்த்த கதை

ஒரு கலியாணப் பேச்சின் நடுவில் புகுந்து, பெண்ணின் தகப்பனுக்கு இருக்கும் இருதய வருத்தத்தை மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னவள் நான். இதை ஒத்துக்கொள்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை. (அன்றைக்கு இருந்தது. வேண்டிய அளவு இருந்தது.)

எழுபதுகளில் திருகோணமலையில் ஓர் ஆசுப்பத்திரியில் நான் தாதி. வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம். உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வருவேன். எனக்குத் தெரியாத வருத்தம் உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்த காலம். டொக்டர்மாருக்கே இரண்டொரு விஷயம் சொல்லிக் கொடுக்கத் தயாராக இருந்தேன். அவர்கள் கேட்கவில்லை.

எங்கள் வார்ட்டுக்குத் தம்பிராசா ஐயா என்று ஒருவர் வருவார். குடாவுக்கு அந்தப் பக்கம் கட்டைபறிச்சானில் வயல் செய்கிறவர். இருதயம் பலவீனம். கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்க வந்து சேருவார். உடம்பில் தங்கிய நீரைச் சலமாக வெளியேற்றுகிற மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, கொடுப்போம். வீக்கம் வற்றும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவோம். ஒரு மாதம் போவதற்குள் அதே கால், அதே வீக்கம், அதே கட்டில். மூன்றாம் முறை வந்தபோது வார்ட்டில் அவரைச் சொந்தக்காரர் மாதிரி வரவேற்றார்கள். "வயசு போன இருதயம், வரத்தான் செய்யும்" என்று டொக்டர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முறை அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. நாலாம் முறை குடாவைக் கடக்கிற லோஞ்சுப் படகிலேயே உயிர் போய்விடும் என்று எனக்குப் பட்டது.

"ஐயா, குளிசை ஒழுங்காய்ப் போடுறனீங்களோ?"

"ஓம் மிஸ்ஸி. தந்ததெல்லாம் போடுறனான்."

அவரை அனுப்பிப் பத்து நாளில் எனக்கு ஒரு லீவு நாள் கிடைத்தது. ஒருவரிடமும் கேட்காமல் வெள்ளைச் சீருடையைப் போட்டுக்கொண்டு (அது இல்லாவிட்டால் என்னை ஆர் மதிக்கிறது?) மூதூர் லோஞ்சில் ஏறினேன். நடுக்குடாவில் அலை தூக்கிப் போட்டதில் காலைச் சாப்பாடு கடலுக்குப் போனது. கொஞ்சம் சீருடைக்கும் போனது. மூதூரில் இறங்கிக் கழுவினேன். கறை இரண்டு மடங்கானது.

அந்தக் கோலத்தில் கட்டைபறிச்சானுக்குப் போய், வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தால், முற்றத்தில் ஒரு கார், நாலைந்து சைக்கிள். வாசல் நிறையச் செருப்பு. உள்ளே வெள்ளை வேட்டி கட்டியவர்கள் சத்தமில்லாமல் இருக்கிறார்கள்.

ஐயா போய்விட்டார் என்று முடிவு கட்டினேன்.

"மூண்டு தரம் வந்த மனிசனை எங்களாலை காப்பாத்த ஏலாமல் போச்சே" என்று அழுதுகொண்டு உள்ளே நுழைந்தேன்.

நடுவில் இருந்த கதிரையிலிருந்து, புதுச் சால்வை போட்ட தம்பிராசா ஐயா மெல்ல எழும்பினார். "மிஸ்ஸி, நான் இருக்கிறன்" என்றார்.

அத்தோடு நான் திரும்பிப் போயிருக்கலாம். அழுகை அப்படியே கோபமாக மாறிவிட்டது. அவரை இருத்தி, வேட்டியைக் கொஞ்சம் உயர்த்தி, கணுக்காலில் பெருவிரலால் அமத்தினேன். ஆழமாகக் குழி விழுந்தது. "பாருங்கோ, திரும்ப வீங்கியிருக்கு. இருதயம் பலவீனமான ஆள் இப்பிடியோ இருக்கிறது?" என்று சபைக்குச் சொன்னேன். சபை முழுவதும் எட்டிக் குழியைப் பார்த்தது.

பிறகுதான் பலகாரத் தட்டு என் கண்ணில் பட்டது. குசினி வாசலில் சேலை உடுத்து, தேத்தண்ணித் தட்டோடு அவருடைய மகள் பத்மா நின்றாள்.

மாப்பிள்ளையின் தாய் கேட்டா: "இருதயமோ? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரர் செருமினார். அவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். மூதூர்ப் பக்கம் ஒரு டிஸ்பென்சரியில் அப்போதிக்கரி. "பிள்ளை, அவருக்கு நான் மருந்து குடுத்துக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார் என்னிடம்.

"நாங்களெல்லோ குடுக்கிறம்" என்றேன்.

"அப்ப உனக்கு முதலே தெரியும்?" என்று தமக்கை அவர் பக்கம் திரும்பினா. அவர் பலகாரத்தைப் பார்த்தார்.

பத்மா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய் இரண்டு கடதாசிப் பைகளைக் கொண்டுவந்தாள். ஒன்றில் எங்கள் வெள்ளைக் குளிசை. மற்றதில் டிஸ்பென்சரியின் மஞ்சள் குளிசை.

"அப்பா ரெண்டையும் போடுவார். நாலு நாளிலை தலை சுத்தி விழுவார். பயத்திலை ரெண்டையும் நிப்பாட்டிப் போடுவார். பிறகு வீங்கும். நான் சொன்னால் கேக்கிறாரில்லை."

"ஏன் ஐயா எங்களிட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் ரெண்டு பேரும் நல்ல ஆக்கள். ஒருத்தரிட்டை மற்றவரைப் பற்றிக் கதைச்சால் மனம் நோகும் எண்டு பேசாமல் விட்டனான்."

அப்போதிக்கரி இரண்டு குளிசையையும் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "நிறம்தான் வேறை. செய்யிறது ஒரே வேலை" என்றார். பலகாரத்தை ஒதுக்கி, தட்டில் குளிசைகளைப் பரப்பி, எதை நிறுத்துவது என்று நானும் அவரும் அரை மணித்தியாலம் சண்டை பிடித்தோம். மஞ்சளை வைத்துக்கொள்வது என்று முடிவானது. அவர் வென்றார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கிட்டடியில் இருந்தார், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டார் "யோசிச்சுச் சொல்லுறம்" என்று எழும்பிப் போனார்கள். நான் பத்மாவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் விடவில்லை. "மிஸ்ஸி, மஞ்சள் காலமையோ, பின்னேரமோ?" என்று கேட்டாள்.

நான் திரும்பி வருமுன் செய்தி வந்துவிட்டது. தாதிமாருக்கெல்லாம் தலைவியான மேற்றன் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தா.

"வார்ட்டுக்கு வெளியிலை உமக்கென்ன வேலை?"

"வார்ட்டுக்கு வெளியிலைதான் மேடம் அவருக்கு வருத்தம் வருது."

விளக்கக் கடிதம் எழுதச் சொன்னா. எழுதினேன். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லாததால் இன்னொன்று எழுதச் சொன்னா. அதிலும் இருக்கவில்லை. பதினைந்து நாள் சேலைன் போத்தல் கழுவினேன். கழுவிக்கொண்டே ஒரு வேலை தொடங்கினேன். மூதூர்ப் பக்கத்து நோயாளி ஒவ்வொருவர் கையிலும் ஓர் அப்பியாசக் கொப்பி. நாங்கள் கொடுப்பதை நான் எழுதுவேன், அப்போதிக்கரி தான் கொடுப்பதைக் கீழே எழுதுவார். (என் கையெழுத்தைப் பற்றியும் எழுதுவார்.) மேற்றன் இரண்டு கொப்பியைப் பறித்தா. நான் நாலு வாங்கினேன்.

தம்பிராசா ஐயா அந்த வருஷம் முழுக்க வார்ட்டுப் பக்கம் வரவில்லை. ஒரு தரம் வந்தார், நடந்து, கலியாணத்துக்குச் சொல்ல. மாப்பிள்ளையின் தாய் சம்மதித்துவிட்டாவாம். "எல்லாரும் மறைச்ச வீட்டிலை அந்தப் பிள்ளைதான் குளிசைப் பையைக் கொண்டுவந்து காட்டினவள்" என்றாவாம்.

அதற்குப் பிறகு பத்மா குடும்பத்தில் நான் வராமல் கலியாணப் பேச்சு நடப்பதில்லை. "மிஸ்ஸி வந்து குழப்பினால்தான் எங்களுக்குச் சரிவரும்" என்பது அவர்களுடைய பகிடி. பத்மாவின் மகளைப் பார்க்க ஆட்கள் வந்தபோதும் எனக்காக நாளை மாற்றினார்கள். போனேன். மாப்பிள்ளையின் தகப்பனிடம் என்னென்ன குளிசை போடுகிறார் என்று கேட்டேன். மூன்று என்றார். பெயர் கேட்டேன். தெரியாது என்றார்.

பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு, குளிசைகளை எடுத்துவர ஆளனுப்பினேன்.